இஷிகுரோவைப் பற்றி நான் எழுதியது

கசுவோ இஷிகுரோவுக்கு இலக்கிய நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது 2017 அக்டோபர் 5 அன்று. அன்றிரவே அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். நல்ல பெயர் வாங்கித் தந்த கட்டுரை அது. பிறகு என் தொகுப்பிலும் சேர்ந்தது. கல்லூரிக் கருத்தரங்குகளில் அதையே விரித்துப் பேசியும் இருக்கிறேன். ஆண்டுகள், விருதுகள், நூற்பெயர்கள் எல்லாம் அதில் சரியாகவே இருந்தன. ஆனால் கட்டுரையின் அடிப்படை பொய். அந்த நாவல்கள் என்ன சொல்கின்றனவோ அதைக் கேட்காமல் இருப்பதற்காக நான் ஒரு விளக்கத்தை உண்டாக்கிக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பது எனக்கே பிடிபட வெகுகாலம் ஆனது. இப்போது அதைச் சொல்லிவிட வேண்டும்.

கட்டுரையில் நான் சொன்னது இதுதான்: இஷிகுரோ 1954-இல் நாகசாகியில் பிறந்தவர். ஐந்து வயதில் இங்கிலாந்துக்குப் போய்விட்டாலும் அவர் உரைநடைக்குள் ஓடுவது ஜப்பானிய மௌனம். அவர் சொல்லாமல் விடும் இடங்கள் மை ஓவியத்தில் தீட்டாமல் விட்ட வெண்பரப்பு. அவருடைய மனிதர்கள் துக்கத்தை விழுங்கிக்கொள்வது அந்த மண்ணின் பண்பாடு. 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே' நாவலில் வரும் ஆங்கிலேய பட்லர் ஸ்டீவன்ஸ்கூட உடை மாற்றிக்கொண்ட சாமுராய்தான். சாமுராய் வரியைப் பலரும் எடுத்துச் சொன்னார்கள். எழுதியபோது எனக்கும் அது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது.

இதை எழுதும்போது அவருடைய முதலிரண்டு நாவல்களைத்தான் நான் படித்திருந்தேன். மூன்றாவதான 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே'யை, அதாவது 1989-இல் புக்கர் பரிசு பெற்று அவரை உலகறியச் செய்த நாவலை, படமாகத்தான் பார்த்திருந்தேன். ஜேம்ஸ் ஐவரி இயக்கி ஆந்தனி ஹாப்கின்ஸும் எம்மா தாம்ஸனும் நடித்த 1993-ஆம் ஆண்டுப் படம். மற்ற நாவல்களைப் பற்றி எழுதியதெல்லாம் பிறர் எழுதிய சுருக்கங்களிலிருந்து எடுத்தது. படிக்காததைப் படித்ததுபோல எழுதினேன். இதுவும் குற்றம்தான். ஆனால் நான் சொல்ல வந்த குற்றம் இதைவிட ஆழத்தில் இருக்கிறது.

முதலில் அந்த ஜப்பான் கதையை எடுத்துக்கொள்வோம். இஷிகுரோவின் தந்தை கடலியல் விஞ்ஞானி. பிரிட்டிஷ் ஆய்வு நிறுவனத்தின் அழைப்பின்பேரில் 1960-இல் குடும்பத்தோடு சர்ரே மாவட்டத்தின் கில்ஃபோர்ட் ஊருக்கு வந்தார். ஓரிரு வருடத்தில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் வந்தவர்கள். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். நாகசாகியிலிருந்து தாத்தா பாட்டி சிறுவர் இதழ்களையும் புத்தகங்களையும் பார்சலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவற்றையும் மங்கிய நினைவுகளையும் பெற்றோரின் பேச்சையும் கொண்டு பையன் தன் தலைக்குள் ஒரு ஜப்பானைக் கட்டிக்கொண்டான். வயது ஏற ஏற அது கரைந்துகொண்டே வந்தது. முழுதாக மறைவதற்குள் காகிதத்தில் பத்திரப்படுத்தத்தான் எழுத ஆரம்பித்தேன் என்று நோபல் உரையில் அவரே சொல்கிறார். 1979-80 குளிர்காலத்தில், கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, நார்ஃபோக்கில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கிய நாகசாகி அது. அங்கே மால்கம் பிராட்பரியும் ஆஞ்சலா கார்ட்டரும் அவருக்கு ஆசிரியர்கள். முதல் நாவல் 'எ பேல் வியூ ஆஃப் ஹில்ஸ்' 1982-இலும், இரண்டாவதான 'ஆன் ஆர்ட்டிஸ்ட் ஆஃப் த ஃப்ளோட்டிங் வேர்ல்ட்' 1986-இலும் வந்தன. கில்ஃபோர்ட் வந்த பிறகு அவர் ஜப்பானில் மறுபடி கால் வைத்தது 1989-இல்தான். ஜப்பானைப் பற்றிய இரண்டு நாவல்களையும் அதற்குமுன் எழுதி முடித்துவிட்டார்.

அவரை உண்மையில் வளர்த்தவை எவை? கில்ஃபோர்ட் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். கிட்டார் எடுத்துக்கொண்டு பாப் டிலன்போல, லியோனார்ட் கோஹன்போலப் பாட்டெழுதிப் பாட ஆசைப்பட்டவர். பால்மோரல் எஸ்டேட்டில் ராணியின் தாயார் வேட்டையாட வரும்போது புதரில் இருக்கும் கௌதாரிகளை விரட்டிவிடும் வேலை பார்த்தவர். லண்டனில் வீடற்றவர்களுக்கான அமைப்பில் பணிபுரிந்தவர். பின்னாளில் மனைவியான லோர்னாவைச் சந்தித்ததும் அங்கேதான். ஷார்லட் பிராண்ட்டியும் செகாவும் தாஸ்தயேவ்ஸ்கியும் தனக்கு முக்கியம் என்று சொன்னவர். காய்ச்சலில் படுத்திருந்தபோது படித்த ப்ரூஸ்ட்டின் தொடக்கப் பக்கங்கள்தான், காலவரிசையை விட்டுவிட்டு ஒரு நினைவு இன்னொன்றை இழுத்துவரும்படி கதை சொல்லலாம் என்று தனக்குக் காட்டின என்கிறார். பரிசை அறிவித்த நாளில் ஸ்வீடிஷ் அகாதெமியின் செயலர் சாரா டேனியஸ், ஜேன் ஆஸ்டினையும் காஃப்காவையும் கலந்து கொஞ்சம் ப்ரூஸ்ட்டையும் சேர்த்தால் இஷிகுரோ கிடைப்பார் என்று சொன்னார். அதில் ஒரு ஜப்பானியப் பெயரும் கிடையாது. அந்தப் பேட்டியை நான் அன்றே கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் வெண்பரப்பு என்று எழுதினேன்.

தமிழ் நாவலை வெளிநாட்டில் ஒருவர் சாதி, கிராமம், சடங்கு பற்றிய ஆவணமாக மட்டும் படித்தால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! அந்தக் கோபத்தைப் பற்றியும் நான் எழுதியிருக்கிறேன். அதையேதான் நான் இஷிகுரோவுக்குச் செய்தேன்.

2021-இல், நோபலுக்குப் பிறகான அவருடைய முதல் நாவல் 'கிளாரா அண்ட் த சன்' வந்தபோது மதிப்புரை கேட்டார்கள். இந்த முறையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துப் படித்தேன். 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே' நாவலில் வந்து நின்றுவிட்டேன். அடுத்ததை எடுக்கச் சில வாரங்கள் ஆயின.

அது எழுதப்பட்ட விதத்தை அவரே பதிவுசெய்திருக்கிறார். 1987 கோடையில், லண்டனின் சிடென்ஹாம் பகுதியில் குடியிருந்தபோது, கணவனும் மனைவியும் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். நான்கு வாரம் வேறு எந்த வேலையும் இல்லை. கடிதம், தொலைபேசி எதையும் அவர் தொடவேண்டாம். விருந்தாளி யாரும் வீட்டுக்கு வரக்கூடாது. காலை ஒன்பது மணியிலிருந்து இரவு பத்தரை வரை, திங்கள் முதல் சனி வரை எழுத்து. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம். நடையைப் பற்றியோ முன்பின் முரணைப் பற்றியோ கவலைப்படாமல் எழுதித் தள்ளியிருக்கிறார். நான்கு வாரத்தில் நாவலின் உயிர் முழுவதும் தாளில் இறங்கிவிட்டது. நான் எழுதிய அந்த 'மௌன அழகியல்' இப்படி மூச்சு முட்ட ஓடிப் பிடித்த ஒன்று.

இன்னொன்றும் உண்டு. நாவலை முடித்துவிட்டதாக நினைத்திருந்த சமயத்தில் டாம் வெய்ட்ஸ் பாடிய 'ரூபிஸ் ஆர்ம்ஸ்' பாட்டைக் கேட்கிறார். முரட்டுக் குரலில் பாடும் ஒருவன் ஓரிடத்தில் நெஞ்சு உடைந்துபோவதைக் காட்டிவிடுகிறான். அதுவரை ஸ்டீவன்ஸ் தன் உணர்ச்சியைக் கடைசிவரை மறைத்தே வைத்திருப்பான் என்றுதான் இஷிகுரோ எண்ணியிருந்தார். பாட்டைக் கேட்ட பிறகு, ஒரே ஓரிடத்தில் அந்தக் கவசம் விரிசல் விடட்டும் என்று முடிவு செய்தார். என் சாமுராயின் நெஞ்சைத் திறந்து காட்டியது ஒரு அமெரிக்கப் பாட்டு.

நாவலில் இப்போது 1956 ஜூலை. டார்லிங்டன் ஹாலின் பட்லர் ஸ்டீவன்ஸ், புதிய அமெரிக்க முதலாளியின் ஃபோர்டு காரை வாங்கிக்கொண்டு, முன்பு அங்கே வீட்டு மேலாளராக இருந்த மிஸ் கென்டனைப் பார்க்க மேற்கு இங்கிலாந்துக்குப் போகிறான். போகிற வழியெல்லாம் பழைய கதை. அவனுடைய முன்னாள் எஜமான் லார்டு டார்லிங்டன் 1930-களில் ஹிட்லரின் ஜெர்மனியோடு சமரசம் செய்யப் பாடுபட்டவர். அந்த மாளிகையில் வெள்ளிப் பாத்திரம் பளபளத்ததில் தனக்கும் வரலாற்றில் ஒரு பங்கு உண்டு என்று ஸ்டீவன்ஸ் நம்புகிறான்.

ஒருநாள் லார்டு டார்லிங்டன் அவனைக் கூப்பிட்டு, வேலைக்காரர்களில் இருக்கும் யூதர்களை நீக்கிவிடச் சொல்கிறார். ரூத், சாரா என்று இரண்டு பணிப்பெண்கள். அன்றிரவு, வழக்கம்போல இருவரும் கோகோ குடித்தபடி மறுநாள் வேலைகளைப் பேசும் நேரத்தில், மற்ற விஷயங்களோடு விஷயமாக மிஸ் கென்டனிடம் இதைச் சொல்கிறான் ஸ்டீவன்ஸ். உள்ளுக்குள் அவனுக்கும் இது சம்மதமில்லை. அதை நம்மிடம் சொல்கிறான், அவளிடம் காட்டவில்லை. அவள் கொதிக்கிறாள். அவர்கள் போனால் நானும் போவேன் என்கிறாள். அவன் நடைமுறை பேசுகிறான். எஜமானின் முடிவை எடைபோடும் இடத்தில் நாம் இல்லை என்கிறான். பெண்கள் போய்விடுகிறார்கள். மிஸ் கென்டன் போகவில்லை. போக வேறு இடம் இல்லை, அதுதான் தன் கோழைத்தனம் என்று பின்னால் அவளே சொல்கிறாள். ஓராண்டுக்கு மேல் கழித்து, அது தவறு என்று எஜமானே வருந்துகிறார். ஸ்டீவன்ஸ் மிஸ் கென்டனிடம் போய், அந்தச் சமயத்தில் உன்னைப்போலவே எனக்கும் மனவேதனைதான் என்கிறான். அப்போதே அதைச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும், ஏன் எப்போதும் இப்படி நடிக்கிறீர்கள் என்று அவள் கேட்கிறாள்.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடினேன்.

2003-இல் ஒரு வார இதழில் உதவி ஆசிரியனாக இருந்தேன். அங்கே பதினொரு வருடமாக மெய்ப்புப் பார்த்துவந்த ஒரு பெரியவர் இருந்தார். ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவரும் டி.டி.பி. பிரிவில் இருந்த சிலரும் சேர்ந்து, தங்களுக்கும் பி.எஃப். பிடித்தம் செய்ய வேண்டும் என்று ஒரு மனு எழுதிக் கொடுத்தார்கள். எழுதியது அவர், கையெழுத்தும் முதலில் அவருடையது. அடுத்த வாரம் நிர்வாகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். சமீபகால இதழ்களில் வந்த அச்சுப்பிழைகளை எடுத்து ஒரு பட்டியல் வேண்டும் என்றார்கள். எதற்கு என்று அவர்கள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. எதற்கென்று எனக்குத் தெரியும்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து பழைய இதழ்களைப் புரட்டினேன். பக்க எண், பத்தி, வரி, அச்சானது, இருக்கவேண்டியது என்று ஐந்து கட்டம் போட்டு, சிவப்பு மையில் எழுதினேன். எட்டுதான் தேறியது. மூன்று மாத இதழ்களில் எட்டுப் பிழை என்றால் அந்த மனிதருக்குப் பரிசு கொடுக்கவேண்டும். பட்டியல் சின்னதாகத் தெரிந்தது. அதனால் மழைவெள்ளச் சிறப்பிதழின் இரண்டு பக்கங்களையும் சேர்த்துக்கொண்டேன். அந்தப் பக்கங்கள் அவர் கைக்குப் போகவே இல்லை. அச்சகத்துக்கு ஃபிலிம் போகவேண்டிய அவசரத்தில், அவர் வீட்டுக்குப் போன பிறகு, நாங்களே மேசையில் வைத்துச் செருகிய வரிகள். அதிலிருந்து ஆறு. மொத்தம் பதினான்கு. பட்டியலை வாங்கிப் பார்த்த மேலாளர், "நீட்டா பண்ணியிருக்கீங்க" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை: ஒரு வேலையை நேர்த்தியாக முடித்துக் கொடுத்த சந்தோஷம்.

அந்த மாதக் கடைசியில் அவரை அனுப்பிவிட்டார்கள். டீக்கடையில் மற்றவர்களிடம், "எனக்கும் ரொம்ப வருத்தம்தான், நாம என்ன பண்ண முடியும்" என்றேன். மனுவைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. அடுத்த வருடம் எனக்கு மூத்த உதவி ஆசிரியர் பதவி வந்தது.

இஷிகுரோவின் இரண்டாவது நாவலை நான் முதலில் படித்தது இதற்கு இரண்டு வருடம் கழித்து. அதில் வரும் மசுஜி ஓனோ போர்க்காலத்தில் ஏகாதிபத்தியத்துக்காகப் பிரச்சார ஓவியம் தீட்டியவர். இப்போது ஓய்வுபெற்று, மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டு, பழைய நாட்களை நமக்குச் சொல்கிறார். தன் மாணவன் குரோடாவைப் பற்றி அதிகாரிகளிடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். போலீஸ் வந்து குரோடாவின் ஓவியங்களைக் கொளுத்துகிறது. இப்படி ஆகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, சும்மா கண்டித்து வையுங்கள் என்றுதான் சொன்னேன் என்கிறார் ஓனோ. இந்தப் பகுதியைப் படித்தபோது ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தேன்: போருக்குப் பிந்திய ஜப்பானியக் குற்றவுணர்வு. அந்தப் பிரதி இப்போதும் என்னிடம் இருக்கிறது. குறிப்பும் அழியவில்லை. பட்டியல் எழுதி இரண்டே வருடம் ஆகியிருந்த ஒருவன் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, இது ஜப்பானியர் பிரச்சினை என்று எழுதிவைத்திருக்கிறான்.

என் கட்டுரை முளைத்தது அந்தப் பென்சில் குறிப்பிலிருந்துதான். ஸ்டீவன்ஸின் மௌனம் ஒரு பண்பாடு என்று சொல்லிவிட்டால் அதை ரசிக்கலாம். கோழைத்தனம் என்று சொன்னால் என்னைப் பார்க்கவேண்டிவரும். ரசித்துவிட்டேன். இரண்டாவது நாவலின் கதையையே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் மூன்றாவதில் மறுபடி எழுதினேன் என்ற பொருளில் இஷிகுரோ பலமுறை பேசியிருக்கிறார். ஜப்பானைப் பற்றி எழுதியபோது எல்லோரும் அதை ஜப்பானாகவே படித்தார்கள். அதனால்தான் இங்கிலாந்தின் நடுக்கூடத்தில் அதே மனிதனைக் கொண்டுவந்து உட்காரவைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் அங்கேயும் அவனுக்கு ஒரு ஜப்பானிய உடையைத் தேடிப் போர்த்தினேன்.

மற்ற நாவல்களையும் பிறகு படித்தேன். 1995-இல் வந்த 'தி அன்கன்ஸோல்ட்' என்னைக் களைப்பாக்கியது. ஐந்நூறு பக்கம் தாண்டியும் தீராத கெட்ட கனவு. அதை வெறுத்தவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. 'வென் வீ வேர் ஆர்ஃபன்ஸ்' அவருடைய பலவீனமான நாவல் என்பது என் கருத்து. ஆனால் 2005-இல் வந்த 'நெவர் லெட் மி கோ' வேறு உயரம். உறுப்புகளைக் கொடுத்துச் சாவதற்காகவே உருவாக்கப்பட்ட பிள்ளைகள் ஹேல்ஷம் என்ற பள்ளியில் படம் வரைந்து, பாட்டுக் கேட்டு, சண்டையிட்டு வளர்கிறார்கள். விஷயம் தெரிந்த பிறகும் ஒருவர்கூட ஓடிப்போவதில்லை. ஏன் ஓடவில்லை என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பெரும்பாலான மனிதர்கள் ஓடுவதில்லை, கொடுக்கப்பட்ட வாழ்க்கையை ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள் என்ற ரீதியில் அவர் பதில் சொல்லியிருக்கிறார். 2015-இன் 'தி பரீட் ஜயன்ட்' நாவலில் பிரிட்டன் முழுவதும் ஒரு மூடுபனி. அதனால் யாருக்கும் எதுவும் நினைவில்லை. நினைவில்லாததால் பிரிட்டன்களும் சாக்ஸன்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் அமைதியாக இருக்கிறார்கள். பனி விலகினால் அன்பும் திரும்பும், பழைய கொலைகளும் திரும்பும். நாற்பது வருடமாக இந்த மனிதர் ஒரே கேள்வியைத்தான் கேட்டுவருகிறார்: செய்ததை எந்த அளவுக்கு நினைவில் வைத்துக்கொண்டு ஒருவன் வாழ முடியும்? இதை என் கட்டுரையில் ஒரு வரிகூட எழுதவில்லை.

மெய்ப்புப் பார்த்த பெரியவரைத் தேடிப் போனேன். மகள் வீட்டில் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. பட்டியலைப் பற்றி நான் பேச்செடுத்ததும், "அது அன்னைக்கே தெரியும் தம்பி. மேனேஜர் என் முன்னாடிதானே தூக்கிப் போட்டார். உங்க எழுத்து எனக்குத் தெரியாதா?" என்றார். வெள்ளப் பக்கங்கள் தன்னிடம் வரவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கிறார், யாரும் கேட்கவில்லை. அவர் குரலில் சூடு ஏறியது வேறு விஷயத்துக்கு. "மிச்ச எட்டுல ரெண்டு பிழையே இல்ல. விளைபொருள்னு நான் விட்டிருந்தேன். ஒற்று விட்டுப்போச்சுன்னு வட்டம் போட்டிருந்தீங்க. வினைத்தொகை, அங்க எப்படி ஒற்று மிகும்?" மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. வேலை செய்ததற்கு ஒரு சான்று வேண்டும் என்று அந்த அலுவலகத்துக்குப் பல தடவை எழுதியும் தரவில்லை என்றார். உங்களால் ஏதாவது எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

அலுவலகத்துக்கு நானும் எழுதினேன். பதில் இல்லை. என் தொகுப்பின் அடுத்த பதிப்பிலிருந்து இஷிகுரோ கட்டுரையை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். பெரியவர் கேட்டதை என் பெயரில் இங்கே எழுதிக் கொடுக்கிறேன். அவர் அந்த இதழில் 1992 முதல் 2003 வரை மெய்ப்புப் பார்த்தார். அவரை நீக்கக் காரணமாகக் காட்டிய பட்டியலை எழுதியது நான். அதிலிருந்த பதினான்கில் ஆறு எங்கள் மேசையில் நேர்ந்தவை. அவற்றில் மூன்று என் கையால் செருகிய வரிகள். இரண்டு பிழையே அல்ல. பதினொரு வருடத்து வேலையில் அவர்மேல் நாங்கள் காட்டியவற்றில், உண்மையில் அவர் கண்ணுக்குத் தப்பியவை ஆறு.